ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் மானியம்

காரைக்காலில் என்னோடு பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நண்பர் ஒருவர் பாரிஸுக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். முருங்கைக்காயும் பொன்னி அரிசியும் அப்பளமும் விற்கும் கடை. போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு படிவத்தைப் படம் எடுத்து அனுப்பி, "நீ ஆயுசு முழுக்க சப்சிடி ஃபைல் பாத்தவன்தானேடா, இது என்னன்னு பாத்துச் சொல்லு" என்று கேட்டிருந்தார். அவருக்குப் பிரெஞ்சு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் அரசாங்கப் படிவம் என்பது எந்த மொழியில் இருந்தாலும் தனி மொழிதான். அதைப் படிக்க ஒரு குமாஸ்தா வேண்டும்.

கண்ணாடியை மாற்றிக்கொண்டு படித்தேன். கடை முகப்பைச் சீர்செய்ய அவருக்கு ஒரு சிறு தொகை உதவியாக வரப்போகிறது. அதற்கு முன், கடந்த மூன்று ஆண்டுகளில் அரசிடமிருந்து பெற்ற சிறு உதவிகளையெல்லாம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அவ்வளவுதான் படிவம். இந்த விதிக்கு அங்கே 'தெ மினிமிஸ்' என்று லத்தீனில் பெயர். அற்பமானவற்றைச் சட்டம் பொருட்படுத்தாது என்ற பழைய வாசகத்திலிருந்து எடுத்த இரண்டு சொற்கள்.

விஷயம் இதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு நாட்டு அரசு தன் நாட்டு வியாபாரிக்குக் காசு கொடுத்துத் தூக்கிவிட்டால் பக்கத்து நாட்டு வியாபாரி நஷ்டப்படுவான். ஆகவே அங்கே பெரிய உதவி என்றால் முன்கூட்டியே பிரஸ்ஸல்ஸில் உள்ள ஆணையத்துக்குத் தெரிவித்து அனுமதி வாங்க வேண்டும். ஆனால் ஊர்ச் சலூனுக்கும் மளிகைக் கடைக்கும் கொடுக்கும் சின்னத் தொகையால் எந்த நாட்டு வாணிபம் கெட்டுவிடப் போகிறது? அதற்கெல்லாம் ஆணையத்திடம் போக வேண்டாம் என்று ஒரு வரம்பு வைத்தார்கள். 1992இல் மூன்று ஆண்டுக்கு 50,000 எக்யூ. அப்போது யூரோ பிறக்கவில்லை, எக்யூ என்பது கணக்குக்கு மட்டும் வைத்திருந்த நாணயம். 1996இல் அது ஒரு லட்சமானது. 2006இல் கொண்டுவந்த விதியில் இரண்டு லட்சம் யூரோ. 2024 ஜனவரி 1 முதல் மூன்று லட்சம் யூரோ.

மூன்று லட்சம் யூரோ என்றால் இன்றைய நம் பணத்தில் கிட்டத்தட்ட மூன்று கோடி ரூபாய். அதுவரைக்கும் அங்கே 'சிறியது'. நான் வருஷக்கணக்கில் குறிப்பு எழுதிய கோப்புகளில் பெரும்பாலானவை ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் சம்பந்தப்பட்டவை. அந்த ஏழாயிரத்து ஐந்நூறைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். நண்பரின் படிவம் அதற்கு ஒரு சாக்கு.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் பிரெஞ்சு வாத்தியார் எந்தச் சொல்லையும் அதன் லத்தீன் தாத்தாவிடம் கூட்டிப்போய்க் காட்டாமல் விடமாட்டார். பிரெஞ்சில் மானியத்துக்கு 'சுப்வான்சியோன்'. உதவிக்கு வருதல் என்று பொருள் தரும் வினையிலிருந்து வந்தது. ஆங்கில 'சப்சிடி'யின் மூலமோ ரோமானியப் போர்க்களத்தில் பின்வரிசையில் உட்கார்த்தி வைத்த துணைப்படை. முன்னணி தளரும்போது எழுந்து வர வேண்டிய படை. அரசாங்க சப்சிடி பின்வரிசையிலேயே உட்கார்ந்திருப்பதற்கு இதுதான் காரணமோ என்று பின்னாளில் அலுவலகத்தில் நினைத்துச் சிரித்ததுண்டு.

நம் 'மானியம்' அப்படியல்ல. அது மண். 'மான்ய' என்ற வடசொல்லுக்கு மதிக்கத்தக்கது என்று பொருள். வரி இல்லாமலோ குறைந்த வரிக்கோ ஒருவருக்கு விட்டுக்கொடுத்த நிலம் மானியம். பழைய கல்வெட்டுகளில் தச்சக்காணி, தட்டாரக்காணி என்று வருவதும் இந்த வகைதான். ஊருக்குக் கலப்பை செய்யும் தச்சனுக்கு ஊரே கொடுத்த வாழ்வாதாரம். புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இந்த மானியங்களும் இனாம்களும் ஏராளம். கோயிலுக்கு, சத்திரத்துக்கு, பிராமணருக்கு, ஊர் ஊழியருக்கு. படைக்கு ஆள் தருகிறவர்களுக்கு அமரம் என்று தனி ஏற்பாடு. சண்டையே இல்லாமல் போன பிறகும் அமரக்காரர்கள் நிலத்தை வைத்துக்கொண்டு அரண்மனையில் எடுபிடி வேலை பார்த்தார்கள். சேஷய்ய சாஸ்திரியார் காலத்தில், 1888இல் இனாம் செட்டில்மெண்ட் நடந்தது. அமரம் போன்ற நிலங்களுக்கு ஊழியம் நீக்கப்பட்டு வரி விதிக்கப்பட்டது. மானியம் என்ற சொல் மண்ணிலிருந்து கழன்று காசுப் பக்கம் நகரத் தொடங்கியது ஏறக்குறைய அப்போதுதான் என்பது என் கணிப்பு.

நவராத்திரிக்கு அரிசியும் அம்மன் காசும் கொடுத்த கதை எல்லாருக்கும் தெரியும். பாட்டி வழியில் எங்கள் வீட்டிலும் இரண்டு அம்மன் காசு உண்டு. அதற்குப் படிவம் கிடையாது என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

அதே சாஸ்திரியார் காலத்தில் நடந்த இன்னொன்று, என் பார்வையில் நம் பகுதியின் தொழில் மானிய வரலாற்றில் முதல் அத்தியாயம். ஆனால் தலைகீழ் அத்தியாயம். தொழில் நடத்தக் கொடுத்த பணமல்ல, தொழிலை நிறுத்தக் கொடுத்த பணம்.

நம் பக்கத்து உவர்நிலங்களில் உப்பு பூக்கும். அந்த மண்ணைச் சுரண்டி, தண்ணீர் விட்டுக் கரைத்து வடித்து, காய்ச்சி உப்பெடுப்பார்கள். மண் உப்பு என்று பெயர். இதைச் செய்தவர்கள் உப்பிலியர். சமஸ்தானத்துக்கு அப்போது கடற்கரை கிடையாது. மீமிசலும் கோட்டைப்பட்டினமும் 1974இல் மாவட்டம் அமைந்தபோது தஞ்சாவூரிலிருந்து நமக்கு வந்தவை. ஆகவே ஏழைகளின் கஞ்சிக்கு இந்த மண் உப்புதான். சுற்றிலும் பிரிட்டிஷ் பகுதியில் உப்புக்குக் கடும் வரி. நடுவில் ஒரு சமஸ்தானத்தில் மலிவு உப்பு விளைந்தால் எல்லை தாண்டிக் கசியும், வரி வருமானம் போகும். 1887இல் ஓர் ஏற்பாடு செய்தார்கள். சமஸ்தானத்தில் மண் உப்பு எடுப்பதை அடியோடு நிறுத்திவிட வேண்டியது. அதற்கு ஈடாகப் பிரிட்டிஷ் அரசு தர்பாருக்கு ஆண்டுக்கு 38,000 ரூபாய் கொடுக்க வேண்டியது.

ஈடு போய்ச் சேர்ந்தது தர்பாரின் கஜானாவுக்கு. தொழில் போனது உப்பிலியருக்கு. அவர்கள் மண் வேலைக்கும் கூலி வேலைக்கும் போனார்கள்.

இதைப் படித்தபோது எனக்குக் காரைக்கால் ஞாபகம் வந்தது. அங்கேயும் இதே கதை, எழுபது வருஷத்துக்கு முன்னால். 1818இல் பிரெஞ்சுக்காரர்களோடு பிரிட்டிஷார் ஓர் உடன்படிக்கை செய்து, பிரெஞ்சுப் பகுதிகளில் உப்பு விளைவிப்பதை நிறுத்தினார்கள். ஆண்டுக்கு 4,000 நட்சத்திர வராகன் ஈடு. அது உப்பள உரிமையாளர்களுக்கு நஷ்டம் கட்டுவதற்கு என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட பணம். உரிமையாளருக்கு. அளத்தில் இறங்கிப் பலகை இழுத்தவனுக்கு என்று எந்த வரியும் கிடையாது. பிரெஞ்சோ ஆங்கிலமோ, காசு மேலிருந்து இறங்கும்போது எத்தனை படி இறங்கும் என்பது பழைய கேள்வி.

சென்னை மாகாணத்தில் அரசாங்கம் தொழிலுக்கு உதவலாமா கூடாதா என்பதே பெரிய சண்டையாக இருந்த காலம் அடுத்து வந்தது. ஆல்ஃபிரெட் சாட்டர்டன் என்று ஓர் ஆங்கிலேய இன்ஜினியர். சென்னை கலைப்பள்ளியில் 1898இல் அலுமினியப் பாத்திரம் அடிக்கக் கற்றுக்கொடுத்தார். நம் வீட்டு அலுமினியக் குண்டானுக்கு அவர் ஒரு வகையில் பாட்டன். பிறகு குரோம் முறையில் தோல் பதனிடுவதை அரசுச் செலவில் நடத்திக் காட்டினார். 1908இல் ஊட்டியில் ஒரு தொழில் மாநாடு கூட்டி, தனித் தொழில்துறையே வேண்டும் என்று முடிவு செய்தார்கள். சென்னை வெள்ளைக்கார வியாபாரிகள் கொதித்துப்போனார்கள். வரிப் பணத்தில் அரசாங்கமே போட்டிக்கு வருவதா என்று. இந்திய மந்திரி மார்லி 1910இல் லண்டனிலிருந்து ஓலை அனுப்பி அந்தத் திட்டத்தை நிறுத்தினார். கற்றுக்கொடுக்கலாம், கடை போடக் கூடாது என்பது அதன் சாரம். சாட்டர்டன் மைசூருக்குப் போய்விட்டார்.

முதல் உலகப்போர் வந்து, கப்பல்கள் நின்று, ஒரு ஆணிக்கும் சீமையை எதிர்பார்க்கும் நிலை என்ன என்பது புரிந்த பிறகுதான் புத்தி மாறியது. ஹாலந்து தலைமையில் 1916 முதல் 1918 வரை ஒரு தொழில் ஆணையம் உட்கார்ந்தது. இரட்டையாட்சியில் தொழில்துறை இந்திய மந்திரிகள் கைக்கு வந்தது. 1922இல் சென்னை சட்டமன்றம் தொழில்களுக்கு அரசு உதவிச் சட்டம் நிறைவேற்றியது. கடன், கடனுக்கு உத்தரவாதம், சலுகையில் நிலம், மூலப்பொருள் என்று பல வகை உதவிக்கு அதில் இடம் உண்டு. நம் ஊருக்கு அது பொருந்தவில்லை. நாம் சமஸ்தானம். 1948 மார்ச் 3ஆம் தேதி புதுக்கோட்டை சென்னை மாகாணத்தோடு இணைந்து திருச்சி ஜில்லாவின் ஒரு பகுதியான பிறகே அந்த வாசல் நமக்குத் திறந்தது. இந்த 1922ஆம் வருஷத்துச் சட்டத்தின் பெயரை என் இளமையில் பழைய கடன் கோப்புகளில் பார்த்திருக்கிறேன். ஓரம் பொடிந்த கோப்புகள். தொட்டால் தும்மல்.

சுதந்திரத்துக்குப் பின் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1949இல் சென்னைத் தொழில் முதலீட்டுக் கழகம் வந்தது. 1969இல் பதினான்கு வங்கிகள் தேசியமயமாயின. பின்தங்கிய மாவட்டங்கள் எவை, அவற்றுக்கு என்ன சலுகை என்று பார்க்கப் பாண்டே, வாஞ்சூ என்று இரண்டு குழுக்கள். அதன் விளைவாக 1971இல் மத்திய அரசின் முதலீட்டு மானியம். தேர்ந்தெடுத்த பின்தங்கிய பகுதியில் ஆலை போட்டால் நிலம், கட்டிடம், இயந்திர மதிப்பில் பத்து சதவீதம் திருப்பித் தரவேண்டாத பணம். 1973இல் அது பதினைந்து சதவீதம், உச்சவரம்பு பதினைந்து லட்சம். 1988 செப்டம்பரோடு முடிந்தது. பத்துக் கோடிக்காரனுக்கும் பத்து லட்சக்காரனுக்கும் ஒரே பட்டியல் என்றால் பட்டியலின் பலன் யாருக்குப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதோடு, பின்தங்கிய பகுதி என்று கோடு கிழித்தால் ஆலைகள் கோட்டின் நடுவில் வந்து உட்காராது, ஓரத்தில் உட்காரும். இன்றும் நம் மாவட்டத்தில் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் திரண்டிருப்பது திருச்சி எல்லையை ஒட்டிய மாத்தூரில். அவர்களுக்கு வேலை கொடுத்த பெல் நிறுவனம் திருவெறும்பூரில். கறம்பக்குடிக்கும் கந்தர்வகோட்டைக்கும் இதில் பெரிதாக ஒன்றும் வரவில்லை.

1977 டிசம்பரில் ஜனதா அரசின் தொழில் கொள்கை. ஜார்ஜ் பெர்னாண்டஸ் தொழில் மந்திரி. சின்னதுக்கும் சின்னதாக ஒரு பிரிவை உண்டாக்கினார்கள். இயந்திர முதலீடு ஒரு லட்சத்துக்குள், அதோடு 1971 கணக்குப்படி ஐம்பதாயிரத்துக்கும் குறைவான ஜனத்தொகை உள்ள ஊர். புதுக்கோட்டை நகரம் அந்த எண்ணிக்கையை அப்போதே தாண்டியிருந்தது. அறந்தாங்கி, ஆலங்குடி, பொன்னமராவதி உள்ளே. கீழ ராஜ வீதியில் பட்டறை வைத்திருப்பவர், "ஆலங்குடிக்காரனுக்கு உண்டு, எனக்கு இல்லையா?" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. மறு வருஷம் மே மாதம் மாவட்டத் தொழில் மையங்கள் தொடங்கின. எல்லாம் ஒரே கூரையின் கீழ் என்றார்கள். கூரை ஒன்றுதான். மேஜைகள் பல.

நான் வேலையில் சேர்ந்தது மாவட்டம் பிறந்த அதே 1974இல். அப்பா அறந்தாங்கிப் பக்கம், காரைக்காலில் கணக்குப்பிள்ளை வேலை. பிரெஞ்சில் ப்ரவே வரை படித்துவிட்டு, திருச்சியில் பியூசி படித்து, சர்வீஸ் கமிஷன் எழுதினேன். சேர்ந்த புதிதில் தமிழில் குறிப்பு எழுத வராது. "மேற்படியாரின் விண்ணப்பம் ஏற்கத்தக்கதல்ல எனப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது" என்ற ஒரு வாக்கியத்தை எழுதக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் பிடித்தது. பிறகு அது என் கையை விட்டுப் போகவே இல்லை. சில வருஷங்களில், சிறு தொழில் கடன்களைப் பரிந்துரைக்கும் ஓர் அலுவலகத்துக்கு மாற்றலானேன். எந்த அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை. ஓய்வு பெற்றது 2009இல்.

எண்பதுகள் லோன் மேளாக்களின் காலம். ஜனார்த்தன பூஜாரி மத்திய நிதித்துறை ராஜாங்க மந்திரியாக இருந்தார். பந்தல் போட்டு, மைக் வைத்து, மாட்டுக்கும் தையல் மிஷினுக்கும் கடன் கொடுத்தார்கள். ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தில் சிறு விவசாயிக்கு 25 சதவீதம், குறு விவசாயிக்கும் கூலிக்காரருக்கும் மூன்றில் ஒரு பங்கு மானியம். ஒரே மாடு மூன்று பேருக்குக் கொடுக்கப்பட்ட கதைகளை எல்லாரும் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அந்தச் சிரிப்புதான் அடுத்து வந்த திட்டங்களின் விதிகளை எழுதியது என்று இப்போது தோன்றுகிறது. பத்துப் பேர் ஏமாற்றினார்கள் என்பதற்காகப் பதினோராவது ஆளிடம் இன்னும் இரண்டு சான்றிதழ் கேட்பது.

1993 அக்டோபர் 2ஆம் தேதி பிரதம மந்திரியின் ரோஜ்கார் யோஜனா வந்தது. படித்த வேலையில்லாத இளைஞர்களுக்கு. ஒரு லட்சம் ரூபாய் வரை திட்டச் செலவு. அதில் 15 சதவீதம் மானியம், ஆனால் 7,500 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐம்பதாயிரம் ரூபாய்த் திட்டத்துக்கே 7,500 வந்துவிடும். ஒரு லட்சத்துக்குப் போட்டாலும் அதே 7,500. ஐந்து சதவீதம் சொந்தக் காசு போட வேண்டும். வயது 18 முதல் 35. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 24,000க்குள். படிப்பு மெட்ரிக், தேறினாலும் சரி, தவறினாலும் சரி. அரசாங்கம் தோல்வியையும் தகுதியாக ஒப்புக்கொண்ட அபூர்வமான இடம் அது. இன்னொன்று, அதே பகுதியில் மூன்று ஆண்டுகள் குடியிருந்திருக்க வேண்டும்.

1996 தொடக்கத்தில் திருமயம் பக்கத்திலிருந்து ஒரு தச்சர் விண்ணப்பம் கொடுத்தார். பத்தாவது எழுதித் தவறியவர். மோட்டாரில் ஓடும் கடைசல் இயந்திரம் ஒன்று, இழைப்பு மிஷின் ஒன்று, ஒரு கொட்டகை. கட்டில் கால், ஊஞ்சல் தூண், தொட்டில் கட்டை கடைந்து கொடுப்பது தொழில். ஐம்பதாயிரத்துக்குத் திட்டம். செட்டிநாட்டு வீடுகளின் பழைய தூண்களைப் பார்த்தே கடையக் கற்றவர். எனக்கு அந்த வேலை பிடிக்கும் என்பதால் அவரிடம் அதைப் பற்றிக் கொஞ்சம் பேசியும் இருந்தேன்.

ரேஷன் கார்டில் அவர் பெயர் இங்கே மாறி இரண்டு வருஷம் எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் காரைக்குடிப் பக்கம். "கல்யாணம் ஆனதுலேர்ந்து மாமனார் வீட்டோடதான் சார் இருக்கேன், அஞ்சாறு வருஷம் ஆச்சு. கார்டுதான் மாத்தாமக் கெடந்துச்சு" என்றார். கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு சீட்டும் எழுதி வாங்கி வந்திருந்தார். எனக்கு அது போதவில்லை. தாசில்தார் சான்று வேண்டும் என்று எழுதித் திருப்பினேன்.

தாசில்தார் சான்று வாங்குவது இன்று போல் அல்ல. அலைந்தார். வாங்கிக் கொண்டுவந்தும் கொடுத்தார். அது தபாலில் பதிவாகி என் மேஜைக்கு வந்தபோது நான் தேர்தல் வேலையில் இருந்தேன். அந்த வருஷம் சட்டமன்றத்துக்கும் பாராளுமன்றத்துக்கும் சேர்த்துத் தேர்தல். திரும்பி வந்து குவிந்திருந்த தபால்களைப் பிரித்தேன். சான்று என் மேஜையில் இருந்தது இருபத்து மூன்று நாள். அந்த இருபத்து மூன்று நாளுக்குள் அவருக்கு 35 வயது முடிந்துவிட்டது.

வயதை விண்ணப்பம் வந்த தேதியில் கணக்கிடுவதா, அது முழுமையான தேதியில் கணக்கிடுவதா? என் கையில் இருந்த சுற்றறிக்கையில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. விளக்கம் கேட்டு மேலே எழுதியிருக்கலாம். அரைப் பக்கக் கடிதம். எழுதவில்லை. தணிக்கையில் கேள்வி வந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம் குமாஸ்தாவுக்கு எலும்பில் ஊறியது. "வயது வரம்பைக் கடந்துவிட்டபடியால் ஏற்கத்தக்கதல்ல" என்று எழுதினேன். கண்காணிப்பாளர் படித்துப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு" என்று கையெழுத்திட்டார். முதல் குறிப்பும் சரி. இரண்டாவது குறிப்பும் சரி.

அவர் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. "மூணு வருசம் ஆகலைன்னு முதல்ல திருப்பினீங்க. இப்ப வயசு கூடிப்போச்சுங்குறீங்க. நான் எந்தத் தேதிக்கு வந்திருந்தா சரியா இருந்திருக்கும் சார்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அன்று மாலை அலுவலகம் காலியான பிறகு ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். ரேஷன் கார்டின்படி மூன்று வருஷம் நிறைவதற்கும் அவர் 35 வயதைத் தாண்டுவதற்கும் நடுவில் பத்தொன்பது நாள் இருந்தது. அந்தப் பத்தொன்பது நாளும் அவருடைய சான்று என் மேஜையில்தான் கிடந்திருக்கிறது.

2003 வாக்கில் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். திருப்பூரில் ஒரு கம்பெனிக்குப் பேக்கிங் பெட்டி அடிக்கிறாராம். வட்டிக்கு வாங்கி மிஷின் போட்டு, இரண்டு வருஷம் ஓட்டிவிட்டு, விற்றுவிட்டுப் போனதாகச் சொன்னார். என்னை அடையாளம் கண்டு வணக்கம் வைத்தது அவர்தான். டீ வாங்கித் தந்தார். காசை என்னைக் கொடுக்க விடவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, விதியே வேண்டாம் என்கிறானா இந்த ஆள் என்று சிலர் நினைக்கலாம். அப்படிச் சொல்லமாட்டேன். இதே மாவட்டத்தில் விதியைக் கொண்டே பெரிய காரியம் நடந்ததையும் பார்த்தவன் நான். 1990களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் இங்கே கலெக்டர். அறிவொளி இயக்கமும் பெண்கள் சைக்கிள் கற்றதும் ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்த செய்தி. அவ்வளவாகப் பேசப்படாதது கல் குவாரி. கல் உடைத்துக் கூலி வாங்கிக்கொண்டிருந்த பெண்களை, ஊரகப் பகுதி மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் திட்டத்தின் குழுக்களாகச் சேர்த்து, குவாரிக் குத்தகையையே அவர்கள் பெயருக்குக் கொடுத்தார்கள். அந்தத் திட்டத்தில் குழுவுக்குச் சுழல் நிதி 15,000 ரூபாய் என்பது விதி. ஆனால் அந்தப் பெண்களை நிமிர்த்தியது சுழல் நிதியல்ல, குத்தகைக் காகிதம். அதுவரை காண்டிராக்டர் என்ன கொடுத்தாரோ அதுதான் கூலி. இப்போது லாரிக்காரர் இவர்களிடம் வந்து விலை கேட்டார். கட்சி பேதமில்லாமல் காண்டிராக்டர்கள் எதிர்த்தார்கள், அந்த ஏற்பாடு நீடிக்கவும் இல்லை. பல குழுக்களின் கையிலிருந்து குவாரி நழுவியது. என்றாலும் ஓர் அதிகாரி, இருக்கும் விதிப் புத்தகத்தையே கையில் வைத்துக்கொண்டு, யாருக்குக் கொடுக்கலாம் என்று தேடினார். நான் என் மேஜையில் யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று தேடிக்கொண்டிருந்தேன். விதி ஒன்றேதான்.

பிந்தைய திட்டங்களில் தொகைகள் பெரிதாகிவிட்டன. 2008இல் ரோஜ்கார் யோஜனாவும் இன்னொரு கிராமத் தொழில் திட்டமும் சேர்ந்து, வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டமாக மாறியது. கிராமத்தில் பொதுப் பிரிவினருக்கு 25 சதவீதம், மற்ற பிரிவினருக்கும் பெண்களுக்கும் 35. ஆனால் மானியம் கைக்கு வராது. மூன்று வருஷம் வங்கியில் பெயரளவுக்கு வைப்பாக இருக்கும். தொழில் நடக்கிறதா என்று நேரில் வந்து பார்த்த பிறகுதான் கடனில் கழிப்பார்கள். ஓடிப்போகாமல் இருக்க நல்ல ஏற்பாடுதான். கையில் காசில்லாதவருக்கு முதல் வருஷம்தான் கஷ்டம் என்பதை மட்டும் அது கவனிக்கவில்லை.

2023இல் மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டம். பதினெட்டுத் தொழில்கள், 18 வயது நிரம்பினால் போதும். தமிழ்நாடு அரசு அதில் சேராமல், கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாக அறிவித்தது. மூன்று லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், உச்சம் 50,000 ரூபாய். இருபத்தைந்து தொழில்கள். மரவேலையும் உண்டு. நாளிதழில் விவரம் படித்துக்கொண்டே வந்தவன் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். குறைந்தபட்ச வயது 35. சின்ன வயதுப் பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டுக் குலத்தொழிலுக்குப் போய்விடக் கூடாது என்பது அரசு சொல்லும் காரணம். அது நியாயமான காரணம். அன்றைக்கு 35 வயதுக்கு மேல் கூடாது என்றதற்கும் ஒரு நியாயமான காரணம் இருந்தது. நான் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது. அந்தத் தச்சருக்கு இப்போது அறுபத்து நான்கு வயது நடக்கும்.

நண்பருக்குப் படிவத்தை விளக்கி எழுதினேன். மூன்று வருஷத்தில் அவர் வாங்கியது இரண்டு உதவி. கொரோனா கால உதவியெல்லாம் இந்தக் கணக்கில் வராது, காலம் தாண்டிவிட்டது. பத்து நிமிஷத்தில் நிரப்பிக் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டதாகச் சொன்னார். வேறு சான்று எதுவும் கேட்கவில்லையாம். பேச்சோடு பேச்சாக அந்தத் தச்சர் கதையையும் அவரிடம் சொன்னேன்.

"எவ்வளவுடா அது?"

"ஏழாயிரத்து ஐந்நூறு."

"எழுபத்தஞ்சு யூரோ. எங்க கடையில ரெண்டு மூட்டை பாசுமதி."

அந்தக் காலத்தில் அந்தப் பணத்துக்குக் கடைசல் மிஷினில் பாதிக்கு மேல் வந்திருக்கும் என்று பதில் எழுதினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. அப்புறம் கடையில் ஆள் வந்துவிட்டார்கள் போலிருக்கிறது.